மாத்திரைக்கும் வேண்டும் விசா

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர்களிடம் நம் ஊரில் தவறாமல் சொல்லி அனுப்பும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "கசகசா மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க." குருமாவுக்கு அரைக்கிற அந்த விதை அங்கே தடை செய்யப்பட்ட பொருள், பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தாலும் சிக்கல் என்பது திருச்சி விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த பாட்டிக்குக்கூடத் தெரியும். அதே பெட்டியில், மடித்த துணிகளுக்கு நடுவே, இரவில் போட்டுக்கொள்ளும் சின்ன மாத்திரை நான்கைந்து அட்டை இருக்கும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது, மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்து வாங்கியது, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்ற நினைப்பு.

வரலாம். மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் மருத்துவர்கள் எழுதும் மாத்திரைகளில் ஒரு பெரும் பகுதி, உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பட்டியலைச் சேர்ந்தவை. சில நாடுகளில் முன் அனுமதி வாங்காமல் அவற்றைக் கொண்டுபோனால் பறிமுதல், விசாரணை, காவல் வரை போக வாய்ப்பிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் பதற்ற நோய்களோடு வாழ்ந்தவர்கள் 30 கோடிப் பேருக்கு மேல். ரத்த அழுத்தம், சர்க்கரை போல இதுவும் பரவலான நோய். ஆனால் சர்க்கரை மாத்திரையை டைனிங் டேபிள் மேலே வைக்கிறோம், இதை மட்டும் பீரோவுக்குள் வைக்கிறோம். பயணத்தின்போதும் அப்படித்தான். டிராவல் ஏஜென்டிடம் கேட்பதில்லை, மருமகனிடம் சொல்வதில்லை, மருத்துவரிடம்கூட வெளிநாடு போகிறோம் என்று சொல்வதில்லை. சட்டத்தைவிட இந்த மறைப்புதான் நம் மக்களை அதிகம் ஆபத்தில் தள்ளுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் தெரியாமல் பயணம் செய்யும் மருந்து

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. பதற்றத்துக்கான எல்லா மருந்தும் இந்தப் பட்டியலில் இல்லை. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவை பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மாதக்கணக்கில் கொடுக்கப்படுபவை. இவை எதுவும் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இல்லை. படபடப்பைக் குறைக்கத் தரும் ப்ரோப்ரனலாலும் அப்படியே. மருந்துச் சீட்டும் மருத்துவர் கடிதமும் இருந்தால் இவற்றோடு பயணம் செய்வது பெரும்பாலும் எளிது.

சிக்கல் பென்சோடயஸபைன் என்ற குடும்பத்தில் இருக்கிறது. 1960-ல் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த குளோர்டயஸபாக்ஸைடு இதன் மூத்த பிள்ளை. அதைக் கண்டுபிடித்த லியோ ஸ்டெர்ன்பாக்கின் அடுத்த மருந்து டயஸபம், 1963-ல் வேலியம் என்ற பெயரில் வந்து உலகெங்கும் பரவியது. அல்பிரஸோலம், குளோனஸபம், லோரஸபம் எல்லாம் அதே குடும்பம். பதற்றத்தை அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணிக்கும் திறன் இவற்றுக்கு உண்டு. அந்தத் திறனே பழக்கத்துக்கும் காரணம். 1984-ல் இந்தக் குடும்பத்தின் 33 மருந்துகள், 1971-ம் ஆண்டின் ஐ.நா. மனமயக்கப் பொருள்கள் உடன்படிக்கையின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இந்தியாவிலும் இவை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவைதான்.

இதையெல்லாம் ஒரு வாசகர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தான் சாப்பிடும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நம் நாட்டில் அதுதான் கடினம். இங்கே விற்கப்படுவதில் கூட்டு மருந்துகள் ஏராளம். எஸ்சிடலோபிராமும் குளோனஸபமும் ஒரே மாத்திரையில் வருகின்றன. ப்ரோப்ரனலாலோடு குளோனஸபம் சேர்ந்து வருகிறது. அமிட்ரிப்டிலினோடு குளோர்டயஸபாக்ஸைடு வருகிறது. அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனிப் பெயரும் அதன் பின்னால் 'ப்ளஸ்' அல்லது 'ஃபோர்ட்' என்ற வாலும்தான் கண்ணில் படும். "டிப்ரஷனுக்குச் சாதாரண மாத்திரைதான்" என்று நம்பிக்கொண்டிருப்பவரின் மாத்திரையில் அரை மில்லிகிராம் குளோனஸபம் இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், இது பலரைத் திடுக்கிட வைக்கும். குடல் எரிச்சலுக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் இங்கே பல காலமாக எழுதப்பட்டுவரும் லிப்ராக்ஸ், நார்மாக்ஸின் போன்ற மாத்திரைகளில் குளோர்டயஸபாக்ஸைடு 5 மில்லிகிராம் இருக்கிறது. வயிற்றுக்காரர் அதை மனநல மருந்தென்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். கேட்டால், "கேஸ் மாத்திரைங்க" என்பார், மனமறிந்து பொய் சொல்லாமல். சுங்க அதிகாரி பார்ப்பது வயிற்றை அல்ல, அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை.

சர்க்கரை நோயால் கால் எரிகிறவர்களுக்கு எழுதும் ப்ரிகாபலின் இந்தக் குடும்பம் அல்ல, ஆனாலும் சிக்கல் இதேதான். ஐரோப்பாவில் அது பதற்ற நோய்க்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து. பிரிட்டன் 2019 ஏப்ரலில் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது. அமெரிக்காவில் அது கட்டுப்பாட்டுப் பொருள்களின் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. வளைகுடாவிலும் அதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. நம் மெடிக்கல் ஷாப்களில் மெத்தில்கோபாலமின் வைட்டமினோடு சேர்த்து 'நரம்புக்கு' என்று வாங்கிப்போகிற அந்த கேப்ஸ்யூலைத் தந்தை கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்க்க விமானம் ஏறுகிறார்.

எடிசோலம்: இங்கே மருந்து, அங்கே குற்றம்

ஒரே ஒரு மருந்தை எடுத்துச் சொன்னால் இந்த விஷயத்தின் தீவிரம் புரிந்துவிடும். எடிசோலம். ஜப்பானில் உருவாகி, 1980-களில் இருந்து அங்கே விற்பனையில் இருக்கும் மருந்து. இந்தியாவிலும் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. எட்டிலாம், எடிசோலா என்றால் பலருக்கு உடனே தெரியும். எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தும் கிடைக்கிறது.

அமெரிக்காவில் இந்த மருந்து ஒருபோதும் அங்கீகரிக்கப்படவில்லை. மருத்துவர் எழுத முடியாது, கடையில் கிடைக்காது. அங்கே அது கள்ளச்சந்தையில் போலி மாத்திரைகளாக மட்டுமே அறியப்பட்ட பொருள். 2023 ஜூலையில் அமெரிக்கப் போதைத் தடுப்பு முகமை தற்காலிக ஆணை ஒன்றின் மூலம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. ஹெராயின் இருக்கிற அட்டவணை அது. பிரிட்டனில் 2017-லேயே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் தெருவில் விற்ற போலி வேலியம் மாத்திரைகளில் எடிசோலம் கலந்து ஏராளமான உயிர்கள் போயின. ஜப்பானே 2016-ல் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2020-ல் ஐ.நா. பட்டியலிலும் ஏறியது.

ஆக, மதுரையில் நல்ல மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதி, முறையாக பில் போட்டு வாங்கிய மாத்திரை, நியூ ஜெர்சியில் மருத்துவப் பயனே இல்லாதது என்று சட்டம் வகைப்படுத்திய பொருளாகிவிடுகிறது. மருத்துவர் கடிதம் இதைக் காப்பாற்றாது. அங்கே மருந்தே அல்லாத ஒன்றுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? எடிசோலம் சாப்பிடுகிறவர்கள் அமெரிக்காவோ பிரிட்டனோ போவதாக இருந்தால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்கிற கேள்வி அல்ல இது. மாற்றுவதை மெல்ல மெல்லத்தான் செய்ய முடியும்.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சட்டம்

1971 உடன்படிக்கையின் நான்காம் பிரிவு பயணிகளுக்கு ஒரு சலுகை தருகிறது. சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவு மருந்தை எடுத்துச் செல்வதை நாடுகள் அனுமதிக்கலாம். அது சட்டப்படி பெறப்பட்டதா என்று சரிபார்க்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு. 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை. அதனால்தான் நாட்டுக்கு நாடு கதை மாறுகிறது.

நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்திய விதிகளின்படி ஒருவர் தன் சொந்த மருத்துவத் தேவைக்காக இத்தகைய மருந்தை ஒரு சமயத்தில் 100 அலகு வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சை என்று பதிவுபெற்ற மருத்துவர் குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தால் 300 வரை. மகளின் பேறுகாலத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போகும் அம்மா, தினம் ஒரு மாத்திரை என்று கணக்குப் போட்டு 180 எடுத்துவைத்தால், சென்னையைத் தாண்டுவதற்கு முன்பே அந்தக் குறிப்பான சீட்டு அவருக்குத் தேவைப்படுகிறது. பக்கத்துக் கடைக்காரர் தெரிந்தவர், கேட்டவுடன் கொடுத்துவிட்டார் என்பது விமான நிலையத்தில் பதில் ஆகாது.

அந்த அம்மா போய் இறங்கும் அமெரிக்காவில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சொல்லப்படும் பொதுவான அளவு 90 நாள் மருந்து. மீதி மூன்று மாதத்துக்கு என்ன செய்வது? அங்குள்ள மருத்துவரைப் பார்த்து அங்கேயே எழுதி வாங்க வேண்டும். நம் ஊர் மருந்துச் சீட்டை அங்குள்ள ஃபார்மஸி ஏற்காது. வீடியோவில் நம் டாக்டரிடம் பேசி வாங்கிய சீட்டுக்கும் அதே கதி. ஆகவே மகளோ மருமகனோ முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கி வைக்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு அம்மா இந்த மாத்திரை சாப்பிடுவது தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் தெரியாது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு முன் அனுமதி வேண்டும். அரசின் இணையச் சேவையில் பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஏற்றி விண்ணப்பிக்கலாம். சவூதி அரேபியாவிலும் அந்நாட்டு உணவு மருந்து ஆணையத்தின் இணையவழி அனுமதி முறை இருக்கிறது. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிற பெரியவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும், குழுவாக அழைத்துச் செல்லும் ஏஜென்டுகளும்தான். வளைகுடாவைப் பொறுத்தவரை, பதற்ற மாத்திரைகள் மட்டும் அல்ல. டிரமடால் வலி மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் சிரப்பும்கூட ஆட்களை உள்ளே தள்ளியிருக்கின்றன. வளைகுடாவுக்கு வெளியே எகிப்திலும் 2017-ல், துணைவரின் முதுகுவலிக்காக ஏறக்குறைய 290 டிரமடால் மாத்திரை கொண்டுபோன ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் அதைக் கடத்தல் என்று எண்ணவே இல்லை.

சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் இதைப் பார்த்துக்கொள்கிறது. தூக்க, பதற்ற மாத்திரைகள் பலவற்றுக்கு முன் அனுமதி தேவை, சாதாரண மருந்துகளுக்கே மூன்று மாத அளவுதான் வரம்பு. இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னதாக விண்ணப்பிப்பது நல்லது.

ஜப்பான் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் மொத்த எடையையே நிர்ணயித்திருக்கிறார்கள். அல்பிரஸோலம் 72 மில்லிகிராம், குளோனஸபம் 180 மில்லிகிராம், டயஸபம் 1.2 கிராம். அதாவது அல்பிரஸோலம் அரை மில்லிகிராம் மாத்திரையென்றால் 144 எண்ணிக்கை. அதைத் தாண்டினால் மருத்துவரின் எழுத்துச் சான்று வேண்டும். ஒரு மாதத் தேவைக்கு மேல் எந்த மருந்துச் சீட்டு மருந்து கொண்டுபோனாலும் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். கவனச் சிதறல் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் கொடுக்கும் ஆம்பெட்டமின் மருந்துகளுக்கோ அங்கே அனுமதியே கிடையாது, எந்தக் கடிதம் காட்டினாலும்.

பிரிட்டனுக்கு மூன்று மாதத்துக்குக் குறைவான அளவென்றால் மருத்துவர் கடிதம் போதும், அதற்கு மேல் தனி உரிமம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் வசிக்கும் நம் பிள்ளைகள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இம்மருந்துகளோடு போக 30 நாள் செல்லுபடியாகும் சான்றிதழ் முறை இருக்கிறது. ஜெர்மனியில் படிக்கும் மாணவர்கள் பாரிஸுக்குப் பேருந்து ஏறும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வழியில் இறங்கி ஏறும் நாட்டையும் மறந்துவிடக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவது துபாய், அபுதாபி, தோஹா, சிங்கப்பூர் வழியாகத்தான். விமானம் தாமதமாகி வெளியே தங்க நேர்ந்தால், பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தால், அந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். வியன்னாவில் இயங்கும் சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் பயணிகளுக்கான நாட்டு விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, செல்லும் நாட்டின் தூதரகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வதுதான் முறை.

"தம்பிக்குக் கொஞ்சம் மாத்திரை"

ஊரிலிருந்து ஒருவர் கிளம்பினால் பத்து வீட்டுப் பொட்டலம் கூடவே கிளம்பும். முறுக்கு, ஊறுகாய், பருப்புப்பொடி, கூடவே "அங்க தம்பிக்குத் தூக்கமே வரலையாம், இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொடுத்துடுங்க." மறுத்தால் மனஸ்தாபம். வாங்கிக்கொண்டால் பிறர் பெயரிலிருக்கும் கட்டுப்பாட்டு மருந்து உங்கள் பெட்டியில். சொந்த உபயோகத்துக்கான சலுகை அடுத்தவர் மாத்திரைக்குப் பொருந்தாது. 2019-ல் தோஹா விமான நிலையத்தில் பிடிபட்ட மும்பைத் தம்பதியின் கதை பலருக்கு நினைவிருக்கும். உறவினர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் கஞ்சா பிசின் இருந்தது. பத்து ஆண்டுத் தண்டனை பெற்று, அங்கேயே குழந்தையும் பெற்று, 2021-ல்தான் விடுதலையானார்கள். அது மருந்து அல்ல, உண்மைதான். ஆனால் உறவுக்காரர் கொடுத்தது என்ற பதிலின் மதிப்பு என்ன என்பதை அது காட்டியது. மாத்திரைப் பொட்டலத்தை மறுப்பதில் தயக்கமே வேண்டாம்.

கூரியரில் அனுப்புவது அதைவிட மோசம். 2015-ல் டொயோட்டா நிறுவனத்தின் முதல் பெண் உயர் நிர்வாக அதிகாரியாக டோக்கியோவில் பொறுப்பேற்றவர் ஜூலி ஹாம்ப் என்ற அமெரிக்கர். அவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பார்சலில் 57 ஆக்ஸிகோடோன் வலி மாத்திரைகள் இருந்தன. ஜூன் மாதத்தில் கைதானார், பதவியை விட்டார், சுமார் மூன்று வாரக் காவலுக்குப் பிறகு வழக்கின்றி விடுவிக்கப்பட்டார். அத்தனை பெரிய நிறுவனம் பின்னால் இருந்தவருக்கே அந்த நிலை. ஷார்ஜாவில் எட்டுப் பேர் அறையில் தங்கியிருக்கும் நம் தொழிலாளிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

பயந்து விட்டுவிட்டுப் போவது

இதையெல்லாம் படித்துவிட்டு, "வேண்டாம்ப்பா, மாத்திரையே எடுத்துப்போகலை" என்று யாராவது முடிவெடுத்தால் நான் எழுதியது கேடாய் முடிந்துவிடும். தினமும் சாப்பிடும் பென்சோடயஸபைனைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. போன பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். தூக்கம் அறவே போகும், கை நடுங்கும், வியர்க்கும். நீண்டகாலம் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு வலிப்பும் வரலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் இந்த வகை மருந்துகள் அனைத்தின் மருந்துத் தகவல் குறிப்பிலும் பழக்கம், திடீர் நிறுத்தம் பற்றிய கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது இதனால்தான். எஸ்சிடலோபிராம் வகையை நிறுத்தினாலும் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு உண்டு. மொழி தெரியாத ஊரில், புது வேலையில், முதல் வாரத்தில் இதையெல்லாம் ஒருவர் தனியாக அனுபவிக்க வேண்டுமா?

வேறு சிலர் நேர்மாறு. மாத்திரையை எடுத்துப்போவார்கள், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது என்று அட்டையிலிருந்து உரித்து வைட்டமின் டப்பாவுக்குள் போட்டுக்கொள்வார்கள். சுங்க அதிகாரியின் பார்வையில் இதைவிடச் சந்தேகமான காட்சி வேறில்லை. பெயரில்லாத வெள்ளை மாத்திரை, தப்பான லேபிள், பதறும் பயணி. பதற்ற நோயுள்ளவர் கேள்வி கேட்டால் பதறத்தான் செய்வார், அது அவருடைய நோய். அதனால்தான் அவருக்காகப் பேச ஒரு காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும்? மருத்துவரின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தட்டச்சு செய்த கடிதம். மருந்தின் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, ஜெனரிக் பெயர் வேண்டும். கூட்டு மருந்தென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாக. எத்தனை மில்லிகிராம், தினம் எத்தனை, எத்தனை நாளுக்கு, மொத்தம் எத்தனை மாத்திரை. என்ன நோய்க்கு. மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை, தொலைபேசி எண். கிறுக்கலாய் எழுதிய ஓ.பி. சீட்டை டோக்கியோவில் யாரும் படிக்க மாட்டார்கள், இங்கேயே படிக்க முடிவதில்லை.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். மருந்துச் சீட்டில் 'மிஸ்டர் குமார், 52' என்று மட்டும் இருக்கும். பில்லில் 'எம்.குமார்'. மூன்றும் ஒரே ஆள் என்பதை வெளிநாட்டு அதிகாரி எப்படி நம்புவார்? கடிதம், சீட்டு, பில் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஏழு வேண்டும் என்றால் அட்டையைக் கத்தரித்து ஏழு கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டிய மறுபாதியோடு போய்விடும். பயணத்துக்கு வாங்கும்போது முழு அட்டையாக, முடிந்தால் அட்டைப்பெட்டியோடு வாங்குங்கள். கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். செக்-இன் பெட்டி தொலைந்தால் மாத்திரையும் தொலையும். இறங்கியதும், அறிவிக்க வேண்டிய மருந்தென்றால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்த் தாமாகவே காட்டிவிடுவது மேல். கேட்டபின் காட்டுவது வேறு, கேட்கும் முன் காட்டுவது வேறு. ஒருவேளை தடுத்துவைத்தால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமையைத் தூதரக உறவுகளுக்கான 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்திருக்கிறது. புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விமானத்தில் ஏறவே பயந்து, அந்த ஒரு நாளுக்காக மட்டும் டயஸபம் கேட்கிறவர்களும் உண்டு. பிரிட்டனில் பல குடும்ப மருத்துவர்கள் இப்போது விமானப் பயத்துக்கு அதை எழுத மறுக்கிறார்கள். மயக்கத்தில் அசையாமல் பல மணி நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், அவசரத்தில் எழுந்து ஓட முடியாது, சிலருக்கு எதிர்விளைவாக ஆவேசமும் வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதன்மேல் விமானத்தில் தரும் மதுவையும் குடித்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறுவதை அறவே விடுங்கள்.

இதில் பயணியை மட்டும் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் இல்லை. இந்த மருந்தை எழுதும் மருத்துவர்கள், "வெளிநாடு போகும் திட்டம் இருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்கலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற தொழிலாளர்களுக்கு மத்திய அரசு பயணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பு நடத்துகிறது. தமிழக அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்றே ஒரு நிறுவனமும், அயலகத் தமிழர் நலனுக்கென ஓர் ஆணையரகமும் இருக்கின்றன. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்கு எந்த மாத்திரைக்கு அனுமதி வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது என்று தமிழில் இரண்டு பக்கத் துண்டறிக்கை அச்சடித்து, சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களிலும் பாஸ்போர்ட் அலுவலகங்களிலும் வைக்க இவர்களால் முடியும். செலவு அதிகம் ஆகாது. வைக்க வேண்டும்.

அதுவரை, டிக்கெட் போட்ட அன்றே உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால், அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் கேளுங்கள்.